ஆகாய விமானத்தின் ஆடையலங்காரம்

எங்கள் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் உழவர்களிடம் மயிலைப் புகழ்ந்து பேசினால் பேசுகிறவருக்கு மரியாதை கிடைக்காது. விதைத்த நிலக்கடலையைக் கிளறுவதும், பழுக்கும் தக்காளியைக் கொத்துவதும் அதற்கு அன்றாடத் தொழில். அதே உழவர் சூலூர்ப் பக்கம் போகும்பொழுது, செந்நிற உடலில் மயில் தீட்டிய ஹெலிகாப்டர்கள் நான்கு சேர்ந்து வானில் வளைவதைக் கண்டால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். விமானப் படையின் 'சாரங்' குழுவைச் சேர்ந்தவை அவை. சாரங் என்றாலே மயில் என்றுதான் பொருள். இந்த மயில் தக்காளியைத் தின்பதில்லை என்பது ஒருபுறமிருக்க, இரும்புப் பறவைக்கு வர்ணம் தீட்டியவுடன் நமக்கு அதன்மேல் ஒரு சொந்தம் உண்டாகிவிடுகிறது.

பயணிகள் விமானங்களுக்கும் இத்தகைய விசேஷ அலங்காரங்கள் உண்டு. அவற்றைத் தேடிப் பார்த்துக் குறித்து வைக்கும் அபிமானிகளும் உண்டு. என் மகள் வயிற்றுப் பேரன் அவர்களுள் ஒருவன். அவனால்தான் நான் இந்த விஷயத்தைக் கற்க நேர்ந்தது; முதுமையில் கற்ற பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் இந்தியா நிறுவனம் 1971-இல் போயிங் 747 என்னும் ஜம்போ விமானத்தை வாங்கியது. முதலாவது விமானத்துக்கு 'சக்கரவர்த்தி அசோகர்' என்று பெயர். பயணிகள் வெளியே பார்க்கும் கண்ணாடிகள் ஒவ்வொன்றையும் சுற்றி, ராஜபுத்திர அரண்மனைச் சாளரம்போலச் செந்நிற வளைவு தீட்டினார்கள். வரிசையாக அத்தனை சாளரங்களையும் கண்டவர்களுக்கு ஓர் அரண்மனையே எழும்பிப் பறப்பதுபோல் தோன்றியது. பின்வந்த விமானங்களுக்கும் அரசர் பெயர்களே. அக்பரும் விக்கிரமாதித்தரும் இருந்தார்கள். நம்மவர்களான இராஜேந்திர சோழரும் மகேந்திர வர்மரும் இருந்தார்கள். கடல் கடந்து படை செலுத்திய சோழன் பெயரைத் தாங்கி ஒரு விமானம் கடல் கடந்தது என்பதை நான் வகுப்பில் சொல்லியிருக்கலாம். அப்பொழுது எனக்கு அது தெரியாது. துயரமும் இவ்வரிசையில் உண்டு. அசோகர் 1978 புத்தாண்டு தினத்தில் பம்பாய்க் கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். கனிஷ்கர் 1985 ஜூன் 23-இல் வெடிகுண்டால் சிதறி 329 பேர் மாண்டனர். பிற்கால ஜம்போக்களுக்கு ஊர்ப் பெயர்களை இட்டார்கள். அவற்றுள் ஒன்று தஞ்சாவூர்.

வெளிநாடுகளில் இந்தக் கலை வெவ்வேறு விதமாக வளர்ந்தது. ஜப்பானில் ஆல் நிப்பான் கம்பெனி 1993-இல் ஒரு ஜம்போவைத் தலை முதல் வால் வரை திமிங்கிலமாகவே தீட்டியது. அந்த ஓவியம் போட்டி ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது என்று அறிந்தபொழுது உபாத்தியாயர் என்ற முறையில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1994-இல் அந்நாட்டு ஆதிகுடிகளின் சித்திரத்தை ஒரு ஜம்போ முழுவதும் போர்த்தியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1997-இல் உலக நாடுகளின் கைவினைகளை வால்களில் தீட்டத் தொடங்கியது. அவற்றுள் நம் மராட்டியப் பைத்தணிச் சேலையின் கோலமும் ஒன்று. இது மார்கரெட் தாட்சர் அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் வைத்திருந்த மாதிரி விமானத்தின் வாலைத் தம் கைக்குட்டையால் மூடிவிட்டார். ஒரு வர்ணத்துக்கு இதைவிடப் பெரிய விமரிசனம் வேறு யார் எழுத முடியும்?

2005-இல் தோன்றிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆரம்பம் முதலே நம் நாட்டுக் கலைகளையும் பண்டைச் சின்னங்களையும் வால்களில் தீட்டி வந்தது. விமானத்துக்கு விமானம் படம் வேறு. 2023 அக்டோபரில் புதுக் கோலம் பூண்டபொழுது பாந்தினித் துணியின் புள்ளிகள் முதலில் வாலேறின. அஜ்ரக், பட்டோலா, கலம்காரி, காஞ்சிபுரம் என்று துணி வகைகளின் வரிசையும் அறிவிக்கப்பட்டது. இதைப் பேரன் வாசித்துக் காட்டியதும் என் மனைவி கேட்ட கேள்வி ஒன்றே: "நெகமத்துச் சேலை எப்பொழுது ஏறும்?" எங்கள் அண்டைத் தறிகளின் சார்பில் அக்கேள்வியை இங்கே பதிவு செய்கிறேன்.

அபிமானிகளின் வேலை இந்த அழகைப் பார்த்து வியப்பதோடு முடிவதில்லை. ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் பதிவெழுத்துகள் உண்டு. நம் நாட்டு விமானமானால் முதலில் வி.டி. என்றும், பிறகு மூன்று எழுத்துகளும் இருக்கும். வர்ணம் மாறும், பெயர் மாறும். நாடு மாறி விற்கப்படாத வரையில் இந்த எழுத்துகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகையால் எழுத்தைக் குறித்தவனிடம் ஒரு விமானத்தின் வாழ்க்கை வரலாறே இருக்கும். விஸ்தாரா என்னும் கம்பெனி 2018-இல் ஒரு விமானத்துக்குப் பழைய டாடா விமானக் கம்பெனியின் கோலத்தைத் தீட்டியது. என் பேரனின் நோட்டில் அது வி.டி. ஏ.டி.வி. 2024 நவம்பர் 12-இல் விஸ்தாராவே ஏர் இந்தியாவுடன் கலந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் வர்ணங்கள் மறைந்த பிறகு அவற்றைக் காண விரும்புகிறவர் இத்தகைய பிள்ளைகளின் நோட்டையும் படத்தையும்தான் தேடிச் செல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் அவன் ஒரு விமான நிலையத்து மதிலுக்கு வெளியே, பொதுச் சாலையில், நோட்டும் காமிராவுமாக நின்றிருக்கிறான். காவலர் அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. பதினேழு வயதுப் பையன் முகம் வெளுத்துப் போயிருந்தான். அதிகாரி நோட்டைப் புரட்டி, "இதென்ன ஐயா, சங்கேதமா? யாருக்காக எழுதுகிறான்?" என்று என்னைக் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. நாட்டின் காவல் அவர் பொறுப்பு. அதில் பிழை காண மாட்டேன். எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆயினும் அவர் கேட்டதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் சேரன் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளின் எண்களை எழுதி வைத்திருந்தான். எந்த வண்டிக்கு எந்த ஆண்டு புது வர்ணம் அடித்தார்கள் என்றுகூட எழுதியிருந்தான். பாட வேளையில் பிடுங்கிக்கொண்டேன். "இதனால் உனக்கு என்ன பயன்?" என்று அவனையும் நான் இதேபோலக் கேட்டேன். அவனுக்கும் விடை வரவில்லை. ஆண்டிறுதியில் திருப்பித் தருவதாகச் சொன்னேன். அதற்குள் அவன் தகப்பனார் வேறூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நோட்டு பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிற்று.

2010-இல் தில்லி விமான நிலையத்தின் அருகே விடுதியில் தங்கி விமானங்களைக் குறித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர் இருவர் கைதாயினர். இரண்டு மாதங்கள் இங்கே தவித்து, ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் கட்டிய பிறகே ஊர் திரும்பினர். கிரேக்க நாட்டிலும் 2001-இல் பதினான்கு பேர் ஒற்றர் என்று பிடிபட்டனர். மறு ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலை பெற்றனர். மான்செஸ்டரில் நிலைமை வேறு. ஓடுபாதையின் அருகிலேயே பார்வையாளர் பூங்கா அமைத்திருக்கிறார்கள். மியூனிக்கில் ஒரு குன்றே எழுப்பியிருக்கிறார்கள். அங்கு நிற்பவர் யாவர் என்று காவலருக்குத் தெரியும். எங்கே நிற்கலாம் என்று பையன்களுக்கும் தெரியும். நான் சிறுவனாக இருந்தபொழுது சென்னையில் என் மாமா என்னைப் பார்வையாளர் மாடிக்கு அழைத்துப் போய் விமானம் காட்டினார். எல்லாரும் பார்க்கவேண்டும் என்றுதானே வாலில் பட்டுச் சேலையைத் தீட்டுகிறார்கள்? பார்ப்பவனுக்கு நிற்க ஓர் இடமும் தரலாம் அல்லவா?

ஏர் இந்தியாவின் கடைசி ஜம்போ 'ஆக்ரா' 2024 ஏப்ரல் 22-இல் மும்பையை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்டது. எழும்பியவுடன் சிறகுகளை இருபுறமும் அசைத்து விடை பெற்றது. அக்காட்சியைப் படம் பிடித்தவர்கள் எங்கெங்கோ காத்து நின்ற அபிமானிகள். பேரன் அந்தப் படத்தை எனக்குக் காட்டினான். "அப்புச்சி, சாளரங்களைப் பாருங்கள்," என்றான். செந்நிற வளைவுகள் அப்படியே இருந்தன.

விடுமுறை முடிந்து அவன் கிளம்பியபொழுது, தளி ரோட்டுக் கடையில் கெட்டி அட்டை நோட்டு இரண்டு வாங்கினேன். ஒன்று அவனுக்கு. மற்றொன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. சென்ற வாரம் உடுமலைப் பேருந்து நிலையத்தில் பழனி வண்டிக்குக் காத்திருந்தபொழுது ஏழு எண்களை எழுதிவிட்டேன். எட்டாவதை எழுதுமுன் நடத்துநர் ஒருவர் இறங்கி வந்து, "ஏனுங்க ஐயா, எங்க வண்டி மேல ஏதாச்சும் புகாருங்களா?" என்று கேட்டார்.