கடற்கரையில் மூட்டை, கால்வாயில் கூலி



வேளச்சேரிக்கு வரும் பறக்கும் ரயிலில், இன்று பட்டம் வாங்கும் உங்களில் பலர் படிப்புக்காலம் முழுக்கப் போய்வந்திருப்பீர்கள். சேப்பாக்கம் தொடங்கி மயிலாப்பூர், மந்தைவெளி தாண்டி கிரீன்வேஸ் சாலை வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். ரயில்பாதையின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கி நிற்கும். பக்கிங்காம் கால்வாயின் அந்தப் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்கள். நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னார்களே, அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலை அது. உலகத்தின் உணவு எப்படி மாறிவந்தது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அந்தக் கால்வாயை விட்டுவிட்டு எனக்கு அதைப் பேசத் தெரியாது.

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மழை பொய்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தமுறை ரயில் இருந்தது, தந்தி இருந்தது, 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. ஓர் ஊரில் விலை ஏறினால் அடுத்த ஜில்லா வியாபாரிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்து கிடந்தன. அவற்றுக்குக் காவல் போட்டிருந்தார்கள். ரயில் தானியத்தை உள்நாட்டுக்கு எடுத்துப்போனது, ஏறிய விலையையும் கூடவே எடுத்துப்போனது. கையில் காசில்லாத கூலிக்காரருக்கு மூட்டை கண்ணெதிரே இருந்தும் இல்லாததுதான். அதே பஞ்சத்தின்போது இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை சுமார் 3,20,000 டன். பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக வைஸ்ராய் லிட்டன் சென்னைக்கு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். அவர் நிர்ணயித்த கூலி இது: வெயிலில் மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். அதோடு ஓர் அணா. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும், இல்லாவிட்டால் இது மெல்லக் கொல்லும் படி என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி தூரம் இறங்கிவந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு என்று ஆனது.

டெம்பிள் எழுதியதும் கார்னிஷ் எழுதியதும் ஆவணங்களில் இருக்கின்றன. கால்வாய் வெட்டியவர்கள் சொன்னது ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கால்பவுண்டு கூடுதலால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றும் தெரியாது. ஆனால் பிழைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உலக உணவு என்றதும் பலருக்குக் கப்பலும் டிராக்டரும் குளிர்பதனக் கிடங்கும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அந்த ஒன்றேகால் பவுண்டு ஞாபகம் வருகிறது. ஒன்றரை நூற்றாண்டாக உணவு வேகம்வேகமாக நகரக் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது. அது பசித்தவர் வாய்வரை போகுமா என்பதை ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதியிருக்கிறார். உணவு இருந்தும் அதை வாங்க வழியில்லாதவர்கள்தான் பஞ்சத்தில் சாகிறார்கள் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் விரிவாக நிறுவினார். சென்னைக் கடற்கரை அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே சாட்சி.

பிறகு வந்தது ரங்கூன் அரிசிக் காலம். ஐராவதி டெல்டாவின் காட்டை அழித்து வயலாக்கப் பணம் கொடுத்தவர்களில் செட்டிநாட்டு நகரத்தார் முக்கியமானவர்கள். ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கியவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்தது. சென்னை அதைச் சாப்பிட்டுப் பழகிவிட்டது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் குழாய் ஒரே நாளில் மூடிக்கொண்டது. மலாயாத் தோட்டங்களில் நம் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். இங்கே ரேஷன் வந்தது; 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது சென்னை மாகாணம் பெருமூச்சு விட்டது. ஒரே இடத்தை நம்பி அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தலைமுறை வயிற்றால் அறிந்தது.

அடுத்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப்போகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

இன்று மத்தியானம் உங்கள் இலையில் அநேகமாகப் பொன்னி அரிசிச் சோறு இருக்கும். காவிரியின் பெயரைத் தாங்கிய அரிசி. அதைவிடத் தஞ்சாவூர்த்தனமான பொருள் வேறு உண்டா என்று தோன்றும். அதன் தாய் தகப்பனில் ஒன்று தைவான் நெல், தைச்சுங் 65. மற்றொன்று மலாயா நெல், மாயாங் எபோஸ். இரண்டுக்கும் கல்யாணம் நடந்தது ஒடிசாவில், கட்டாக்கில். 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அங்கிருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு திட்டம் வைத்திருந்தது. ஆசிய நாடுகள் தங்கள் விதையைக் கொண்டுவந்து கொடுக்கலாம், ஜப்பானிய வகை நெல்லோடு கலந்து கொடுப்பார்கள், திரும்ப எடுத்துப்போய் அவரவர் மண்ணில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அப்படி மலேசியாவில் தேறி வந்த நெல்லுக்கு மசூரி என்று பெயர். அது இந்தியாவுக்குத் திரும்பி வந்து, தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகத்தின் கைபட்டு, பொன்னியாக நம் வயலில் இறங்கியது. 1986இல் வெளியான வெள்ளைப் பொன்னி வீடு வீடாகப் போனது. அதே கட்டாக் திட்டத்தில், ஜப்பானிய நெல் ஒன்றையும் கோயம்புத்தூர் நெல் நிலையத்தின் ஜி.இ.பி. 24ஐயும் சேர்த்ததில் பிறந்ததுதான் ஆடுதுறை 27. அறுபதுகளின் நடுவில் தஞ்சைக் குறுவையை மாற்றிய நெல் அது.

அந்த விதைகளுக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை. போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகாத காலம், எல்லா நாடும் ஏழை நாடு, ஆனாலும் விதையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். உலக உணவின் வரலாற்றில் இதைப் போல் அழகான பக்கங்கள் மிகக் குறைவு. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

அதற்குள் 1965-66 வறட்சி வந்துவிட்டது. அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டக் கோதுமை கப்பலில் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலை. அதிபர் ஜான்சன் கப்பல்களைத் தவணை தவணையாக, அரசியல் பார்த்து அனுப்பினார். அந்த அவமானத்தை நேரில் அனுபவித்த உணவு அமைச்சர் நம் கோவை மாவட்டத்துக்காரர், சி. சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்ய முடிவெடுத்தார்கள். அந்த முடிவுக்கு விஞ்ஞான பலமாக நின்றவர் கும்பகோணத்தில் குடும்ப வேர் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதன்; அவர் 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தரமணியில் இருக்கிறது. அதே 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் வந்தது. விளைச்சலைப் பார்த்து மகிழ்ந்துபோன தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் மகனுக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்தார்.

இப்படித் தொடங்கிய பசுமைப் புரட்சியைத் திட்டுவது இன்றைக்குச் சுலபம். வயிறு நிறைந்தவர்கள் செய்யும் விமர்சனத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனால் அது வாங்கிய விலையை மறைக்கவும் மாட்டேன். குட்டை நெல் உரம் கேட்டது, தண்ணீர் கேட்டது, மருந்து கேட்டது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற நெல்கள் வயலைவிட்டு வெளியேறின. சாமையும் வரகும் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டு, இப்போது ஏழைகள் வாங்க முடியாத விலையில் கண்ணாடிப் பாட்டிலில் திரும்பி வந்திருக்கின்றன. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிறவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்; அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டுவிட்டு 2018இல் காலமானார். கட்டாக் விஞ்ஞானிகளும் ஜெயராமனும் எதிரெதிர் அணி என்று நான் நினைக்கவில்லை. இரு தரப்பும் விதையைப் பூட்டி வைக்கவில்லை.

இனி ரேஷன் கடைக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் தெரியும் அல்லவா? அந்த எண்ணெய் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் விளைந்ததைப் பிழிந்து, கப்பலில் வந்து, சுத்திகரித்துப் பாக்கெட்டில் அடைத்தது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இப்படித்தான் வெளியிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் ஏற்கெனவே முடங்கியிருந்தது. நம் பஜ்ஜிக் கடை அண்ணன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக் கவலைப்பட்டதற்கு ஜகார்த்தாவில் போட்ட ஒரு கையெழுத்துக் காரணம். தடை மூன்று வாரத்தில் விலகியது நம் அதிர்ஷ்டம். கடலை எண்ணெய்க்குத் திரும்பிப் போய்விடலாம் என்பார்கள் சிலர். அந்தக் கடலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததுதான், மிளகாயும் தக்காளியும் போல. எந்த உணவு சொந்தம், எது அந்நியம் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

இலங்கையில் அந்த இன்னொரு வழி இல்லாமல் போனது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஓர் அறிவிப்பில் தடை செய்தார்கள். இயற்கை விவசாயம் நல்ல லட்சியம்; ஆனால் விவசாயிக்கு ஒரு போகம்கூட அவகாசம் தரவில்லை. நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்துவிட்டது. நெல் விளைச்சல் சரிந்தது, அந்நியச் செலாவணியும் தீர்ந்தது. 2022 மார்ச்சில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படகில் தனுஷ்கோடிக்கு வந்தவர்களை நீங்கள் செய்தியில் பார்த்தீர்கள். மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியும் பால்பவுடரும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. தமிழ்நாடு அறிவித்தது மொத்தம் 40,000 டன் அரிசி. 1877இல் மூட்டைகளுக்குக் காவல் நின்ற அதே கடற்கரை ஊர். கப்பல் கிளம்பிய அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன்.

ஆனால் 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நம் நாடு தடை செய்தது; 2024 வரை அது நீடித்தது. உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் நம்முடையது. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் மூட்டைக்கு முண்டியடித்ததைப் பார்த்துச் சிரித்தோம். மேற்கு ஆப்பிரிக்காவில் நம் அரிசியை வாங்கித் தின்னும் கூலித் தொழிலாளிக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. உள்ளூர் விலையைக் காக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. 1942இல் நாம் ரங்கூனைப் பார்த்து நின்றதுபோல் இப்போது நம்மைப் பார்த்து நிற்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

நீங்கள் படித்த இந்த வேளச்சேரியும் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்தான். வயல்கள் இப்போது அடுக்குமாடிகள். ஏரியின் பெரும்பகுதி தெருக்களாகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருக்களில் படகு வந்தது. உலகமெல்லாம் சுற்றி வந்த சரக்கு கடைசி ஒரு கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை. ஒரு பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. மொட்டைமாடிகளில் யார் யாருக்கோ சமைத்துப் பொட்டலம் கட்டியவர்கள்தான் அந்த நாட்களில் ஊருக்குச் சோறு போட்டார்கள். உங்கள் பெற்றோர் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

வணிகவியல் படித்தவர்களே, உங்களில் யாரோ ஒருவர் ஒரு நாள் இறக்குமதி நிறுவனத்தில் எந்த நாட்டுப் பருப்பை வாங்குவது என்று கையெழுத்துப் போடுவீர்கள். கணினி படித்தவர்கள் எழுதும் நிரலில் ஒரு ரேஷன் அட்டை தங்கும் அல்லது நீங்கும். கைரேகை பதியாத ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பும் வரியை எழுதுவதற்கு முன் கார்னிஷை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் வயதில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். கூழும் களியும் தினச் சாப்பாடாக இருந்தது எதுவரை, அரிசிச் சோறு எந்த வருடம் அன்றாடமானது, செக்கு எண்ணெய் எப்போது நின்றது, பள்ளிக்கூடத்து மதிய உணவு அவர்களுக்குக் கிடைத்ததா, பசியோடு படுத்த ராத்திரி உண்டா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே, ஊர் பெயரும் வருடமும் போட்டு எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். உங்கள் கல்லூரி முதல்வரிடம் பேசியிருக்கிறேன். வருவதையெல்லாம் கல்லூரி நூலகத்தில் தொகுத்துவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்குள் கொண்டுவந்து கொடுங்கள்.