லாரிக்கு ஆறு வழி, சைக்கிளுக்கு ஒரு வழி கூட கிடையாதா?

(ஓசூரில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. பிடிச்சிருந்தா உங்க கிராமத்து குழுவில் பகிருங்க.)



இன்னைக்கு நான் பேசப்போறது சைக்கிளைப் பற்றி. "தேர்தல் வேலை எவ்வளவோ கிடக்கு, இதென்னப்பா விஷயம்?"னு சிலர் நினைக்கலாம். ஐந்து நிமிஷம் குடுங்க.

நம்ம மாவட்டத்துல ஓசூர்ல டிவிஎஸ் வண்டி தயாராகுது. போச்சம்பள்ளியில ஓலா மின்சார ஸ்கூட்டர் தயாராகுது. இரண்டு சக்கர வண்டியை நாட்டுக்கே செஞ்சு அனுப்புற ஊர் இது. ஆனா இதே ஊர்ல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு, அரசு குடுத்த சைக்கிளை எடுத்துக்கிட்டு லாரி பயம் இல்லாம ஐந்து கிலோமீட்டர் போக ஒரு பாதை காட்டுங்க பார்ப்போம். தேசிய நெடுஞ்சாலை 44 பக்கம் போக முடியாது. கிராமத்து ரோட்டுக்குப் போனா கல்குவாரி டிப்பர் பின்னாடியே ஹாரன் அடிச்சுக்கிட்டு வருது.

2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் விரிஞ்சுது. அதுக்கும் முன்னாடி, 1991-92-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. கல் உடைக்கிற அக்காவும், கூலி வேலைக்குப் போற அம்மாவும் யாருடைய துணையும் இல்லாம பக்கத்து ஊருக்குப் போனாங்க. ஆக, சைக்கிள் குடுத்தாச்சு, ஓட்டவும் கத்துக்குடுத்தாச்சு. பாதை மட்டும்தான் இன்னும் குடுக்கல.

சரி, பாதை எங்க இருக்கு? புதுசா நிலம் எடுக்கணுமா? இங்கதான் விஷயமே இருக்கு. நம்மகிட்ட ஏற்கெனவே பாதை இருக்கு. காகிதத்துல இருக்கு.

உங்க கிராமத்து வரைபடத்தை எடுத்துப் பாருங்க. வயலுக்கு நடுவுல, ஏரிக்கரை ஓரமா, ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போற புள்ளிக்கோடுகள் தெரியும். 'அ' பதிவேட்டுல அந்த சர்வே எண்ணுக்கு நேரா "வண்டிப்பாதை"ன்னு எழுதியிருக்கும். மாட்டு வண்டி போன பாதை. நம்ம தாத்தா தக்காளியும் ராகியும் ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போன பாதை. அது புறம்போக்கா பதிவாகியிருந்தா அரசு நிலம், அதாவது பொதுச் சொத்து.

இது மாதிரியே கால்வாய்க் கரைகளும் இருக்கு. கெலவரப்பள்ளி அணையில இருந்தும், கிருஷ்ணகிரி அணையில இருந்தும் இடது, வலது கால்வாய்கள் போகுது. தண்ணீர் திறக்கிற பணியாளர் போய்ப் பார்க்கிறதுக்குன்னு கரையோரம் இடம் விட்டிருக்காங்க. கால்வாய் மெதுவான சரிவுலதான் போகும், இல்லன்னா தண்ணி ஓடாது. அதனால கரைப்பாதையில பெரிய ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பத்து வயசுப் பையனும் ஓட்டலாம், அறுபது வயசு அப்பாவும் ஓட்டலாம்.

ஒரு பொதுப்பாதையை யாரும் பயன்படுத்தலன்னா என்ன ஆகும்? இதுக்கு நம்ம மாவட்டத்துலயே சரித்திரம் இருக்கு. 1905-ல் திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை போட்டாங்க. மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு 1906-லயும், அங்கிருந்து ஓசூருக்கு 1913-லயும் இன்னொண்ணு வந்துச்சு. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். இரண்டாம் உலகப்போர் சமயத்துல இரண்டையும் மூடிட்டாங்க. கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்த தடம் எதுன்னு இன்னைக்கு ஊர்ல கேட்டா, எத்தனை பேர் கை காட்டுவாங்க?

இதே கதை இங்கிலாந்துல வேற மாதிரி முடிஞ்சுது. பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் நடுவுல ரயில் நின்னுபோச்சு. தடம் சும்மா கிடந்துச்சு. 1979-ல் உள்ளூர் ஆளுங்க மண்வெட்டியோட இறங்கி அதை சைக்கிள் பாதையா மாத்த ஆரம்பிச்சாங்க. 1986-க்குள்ள சுமார் 21 கிலோமீட்டர் முடிச்சாங்க. அதை ஆரம்பிச்சது பெரிய கம்பெனி கிடையாது, நம்மள மாதிரி ஒரு தன்னார்வலர் கூட்டம். இன்னைக்கு அதுல வேலைக்குப் போறவங்களும் போறாங்க, ஊர் சுத்திப் பார்க்கிறவங்களும் போறாங்க.

நம்ம ஊர்ல சுத்திப் பார்க்க என்ன இருக்குன்னு கேட்காதீங்க. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு, வெயில் காலத்துலயும் காலை நேரம் இதமா இருக்கும். பக்கத்துல தொரப்பள்ளி, 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். சூளகிரி பக்கம் மல்லசந்திரத்துல பெருங்கற்காலக் கல்திட்டைகள். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை, நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின இரும்புன்னு உலகமே பேசுன இடம். நடுவுல ரோஜாத் தோட்டம், மாந்தோப்பு, ராகி வயல். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். சைக்கிள்ல வர்றவன் கார்ல பறக்கிறவன் மாதிரி இல்ல. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிப்பான், இளநீர் குடிப்பான், இட்லி சாப்பிடுவான், பஞ்சர் ஒட்டுவான். அந்தக் காசு நேரா கிராமத்துக்கு வரும். தென்பெண்ணை ஓரமா மக்கள் நடமாட்டம் இருந்தா, கெலவரப்பள்ளியில நுரை பொங்குற தண்ணியையும் நாலு பேர் தினமும் பார்ப்பாங்க, கேள்வி கேட்பாங்க.

இப்போ எதிர்க்கேள்விக்கு வரேன். "பாதையை மூடிட்டா என் டிராக்டர் எப்படிப் போகும்?"னு விவசாயி கேட்பார். நியாயமான கேள்வி. நாம பாதையை மூடச் சொல்லல. டிராக்டரும் மாடும் எப்பவும் போல போகட்டும். டிப்பரும் லாரியும் நுழையக் கூடாது, அவ்வளவுதான். தார் கூட வேண்டாம், கிராவல் போட்டு ரோலர் விட்டாப் போதும்.

வரைபடத்துல இருக்கிற எல்லாக் கோடும் புறம்போக்கு கிடையாது. சிலது பட்டா நிலத்துக்குள்ள போற அனுபவப் பாதை. அங்க நில உரிமையாளர் சம்மதம் இல்லாம ஒரு கல்லைக் கூட நகர்த்தக் கூடாது.

யானையையும் மறக்கக் கூடாது. குளிர்காலத்துல பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் யானைக்கூட்டம் வருது. அந்தக் காடுகள் வழியா நமக்குப் பாதை வேண்டாம். காட்டை ஒட்டின ஊர்கள்ல பொழுது சாஞ்ச பிறகு சைக்கிள் வேண்டாம். அது அதுங்களோட வழி.

ஏன் இப்பவே பேசணும்? ஓசூர்–தர்மபுரி நாலு வழிச்சாலை, பெங்களூரு துணைநகர வட்டச்சாலைன்னு பெரிய சாலைகள் நம்ம மாவட்டம் வழியா வருது. கூடவே வீட்டுமனை லேஅவுட். ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு வண்டிப்பாதையை குறுக்கால வெட்டும், இல்லன்னா விழுங்கும். சாலை போடும்போதே ஒரு சின்ன சுரங்கப் பாதை கேட்டு வாங்கிட்டா செலவு கம்மி. போட்ட பிறகு கேட்டா பத்து வருஷம் அலைய விடுவாங்க.

அதனால தோழர்களே, மூணு வேலை:

1. உங்க கிராமத்து புல வரைபடமும் 'அ' பதிவேடும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்துல பார்க்கலாம். வண்டிப்பாதைன்னு இருக்கிற சர்வே எண்களை எழுதி வைங்க. கிடைக்காததை 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க.

2. சைக்கிளை எடுங்க, நேர்ல போய்ப் பாருங்க. எங்க வேலி போட்டிருக்கு, எங்க பாலம் உடைஞ்சிருக்குன்னு படம் எடுங்க. ஆக்கிரமிப்பு இருந்தா சண்டைக்குப் போகாதீங்க, தாசில்தாருக்கு மனு போடுங்க. கிராமப் பொது நில ஆக்கிரமிப்பை அகற்றணும்னு 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்குல எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கு. அதை மனுவுல குறிப்பிடுங்க.

3. அடுத்த கிராம சபையில தீர்மானம் கொண்டு வாங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு வாய்ப்பு. "எங்கள் ஊர் வண்டிப்பாதையை அளந்து கல் நட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் சீரமைத்துத் தர வேண்டும்." இந்த ஒரு வரி போதும். கூட்டத்துக்கு பள்ளிக்கூடப் பொண்ணுங்களோட அம்மாக்களைக் கூட்டிட்டுப் போங்க. நம்மள விட அவங்க நல்லா பேசுவாங்க.

மாற்றுக் கட்சி நண்பர் கூட வந்தாலும் சேர்த்துக்கோங்க. பாதைக்கு கட்சிக்கொடி கிடையாது.

உங்க ஊர் பெயரும், வண்டிப்பாதை எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குப் போகுதுன்னும் கீழ பதிவிடுங்க. ஒன்றியம் வாரியா தொகுத்து மாவட்ட ஆட்சியர்கிட்ட மனுவா கொடுப்போம்.



#வண்டிப்பாதையை_மீட்போம்