தெளிப்பானும் மூச்சும்



திருப்பூர் வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். பனியன் ஊரில் வாழும் ஒருவன் மோட்டார் வண்டிக்கு வண்ணம் பூசுவதைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர்.

பனியன் மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு வண்ணம் தெளிக்கும் பட்டறை ஒன்றில் அவர் பல ஆண்டுகள் வேலை செய்தார். சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்தபோது, நான்கு படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. “ஐயா, பெயிண்ட் வாடை பட்டாலே நெஞ்சு அடைக்கிறது. இனி இந்த வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்” என்றார். தொழில் கைவந்த வயதில் தொழிலை இழந்தார் அவர். அன்று முதல் அக்கருவியைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இன்று சொல்லப்போகிறேன்.

பட்டறைகளில் ‘ஸ்பிரே கன்’ என்று வழங்கும் தெளிப்பானின் வரலாறே வியப்பானது. அமெரிக்காவின் டொலிடோ நகரத்து மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பனிபோலத் தூவ ஒரு சிறு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ், 1907-ஆம் ஆண்டில், அதே முறையை வண்ணம் தெளிக்கப் பயன்படுத்தினார். தொண்டையை ஆற்றப் பிறந்த கருவி, கவனமின்றிக் கையாண்டால் மூச்சையே கெடுக்கிறது.

அது எவ்வாறு இயங்குகிறது? கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று, வண்ணம் வெளிவரும் துளையைச் சுற்றி விரைந்து பாய்கிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைய, வண்ணம் இழுக்கப்பட்டு நுண்துளிகளாகச் சிதறுகிறது. கிண்ணம் கீழே தொங்கும் வகையில் காற்று வண்ணத்தை மேலே இழுக்க வேண்டும். கிண்ணம் மேலே அமைந்த வகையிலோ வண்ணம் தன் எடையாலேயே இறங்கும். கிண்ணத்தில் வீணாக எஞ்சுவதும் குறைவு. கார், வேன் போன்றவற்றுக்கு இதுவே ஏற்றது. கரூரில் கூடு கட்டப்படும் பேருந்துகளைப் போன்ற பெரிய பரப்புக்கு, தனிக் கலத்திலிருந்து அழுத்தத்தால் வண்ணம் ஊட்டும் வகை உதவும்.

துளையின் அளவும் முக்கியம். கெட்டியான பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் வேண்டும், மேற்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 போதும்.

இனி, முதன்மையான செய்திக்கு வருகிறேன். பழைய வகைத் தெளிப்பான் மிகுந்த அழுத்தத்தில் தெளிக்கும். அதனால் வண்ணத்தில் பாதிக்கு மேல் தகட்டில் ஒட்டாமல் காற்றில் பறந்துவிடுவது உண்டு. குறைந்த அழுத்தத்தில் மிகுந்த காற்றைச் செலுத்தும் புதிய வகையில், முனையில் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டைத் தாண்டாது. துளிகள் மெல்லச் சென்று தகட்டில் படிகின்றன. ஆனால் இதற்குக் காற்று ஏராளமாக வேண்டும். சிறிய கம்ப்ரஸரோடு இணைத்தால் துளி பெரிதாகி, பூச்சு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். ஆகவே கம்ப்ரஸரைப் பார்த்த பின்னரே தெளிப்பானை வாங்குக.

கருவி நல்லதாயினும் கையும் பழக வேண்டும். தகட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், நேர்குத்தாகப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றாமல் கை முழுவதும் ஒரே சீராக நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முன்னதன் பாதியை மூடிச் செல்ல வேண்டும். அருகில் பிடித்தால் வண்ணம் வழியும். தூரப் பிடித்தால் துளி வழியிலேயே உலர்ந்து தூளாகும்.

ஒட்டாத வண்ணம் எங்கே போகிறது என்பதைத் திருப்பூரில் வாழ்வோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துணியில் ஏறாத சாயம் நொய்யலில் கலந்தது; ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் வயலுக்கு உதவாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் இதனாலேயே. ஆற்றில் கலந்தது நம் கண்ணுக்குத் தெரிந்தது. பட்டறைக் காற்றில் கலப்பது தெரிவதில்லை.

இக்கால வண்ணங்களில் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அது ஒருவர் உடலுக்கு ஒருமுறை ஒவ்வாமற் போய்விட்டால், பின்னர்ச் சிறிதளவே பட்டாலும் ஆஸ்துமா வரக்கூடும். என் மாணவர் மூக்கில் கட்டியிருந்தது பனியன் வேஸ்ட் துணி ஒன்றே. துணி அதைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் முகமூடியே தக்க காப்பு. தெளித்து முடித்தவுடன் அதைக் கழற்றுவதும் தவறு. நுண்துளி நெடுநேரம் காற்றில் நிற்கும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பட்டறை முதலாளிகள் ஆகலாம். தெளிப்பான் வாங்கும் நாளில் முகமூடியையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்றைத் தொழிலாளியிடம் கொடாதீர்கள். தொழிலாளியாகச் செல்வோர், அதைக் கேட்டுப் பெறக் கூச வேண்டாம். பளபளக்கும் வண்டி ஒவ்வொன்றின் பின்னும் ஒருவருடைய மூச்சு இருக்கிறது.