சிஸ்டர் என்று அழைத்த பிறகு

(புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கல்லூரி மாணவியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிகளில் கிறித்தவப் பெண்களுக்கென்று இயங்கும் ஜெபக்குழுக்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நானும் அப்படியொரு குழுவில் மூன்று வருடம் இருந்தவள்தான். அதனால் முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அறையில் எட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். எல்லாரும் எல்லாருக்கும் 'சிஸ்டர்'. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து, இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர் ஒரு சீனியர் அக்கா. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த அக்கா ஒருநாள் கேட்டார்: "உங்க கோயில் ஊருக்குள்ள இருக்கா, காலனியிலயா?" காலனியில் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவருக்குக் கல்யாணம். குழுவில் ஐந்து பேருக்குப் பத்திரிகை வந்தது. எனக்கும் இன்னொரு தங்கைக்கும் வரவில்லை. எங்கள் இருவர் வீடும் காலனியில்தான்.

அக்காவைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. பத்திரிகை யாருக்கு என்பதை அவர் வீட்டார் முடிவு செய்திருக்கலாம். என் கேள்வி எங்கள் குழுவைப் பற்றியது. அரியருக்காக ஜெபித்தோம், அப்பாக்களின் குடிக்காக ஜெபித்தோம். சாதியைப் பற்றி ஒருநாளும் வாய்திறக்கவில்லை. எனக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

கேட்டவர்கள் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில்தான் சம்பா கோவில். இன்றைய கட்டடத்துக்கு முன்பு இருந்த கோவிலுக்குள், பறையர் கிறித்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அவர்கள் குருவிடம் போய் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறித்தவர்கள் கொதித்ததையும் 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சுவர் தானாக விழவில்லை.

அதோடு முடிந்ததா? இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில், எறையூரில், சம உரிமை மறுக்கப்பட்ட தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தன் தலித் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை நம் ஜெபக்குழுக்கள் பேசத் தயங்குவது ஏன்?

ஒரு காரணம் பயம். 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. கிறித்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. 2024 நவம்பரில், பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு, அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் கோயிலுக்குப் போவதையும் காட்டி உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஆகவே உங்கள் வட்டத்தில் உட்காரும் ஒரு தங்கைக்குச் சான்றிதழில் ஒரு பெயரும் ஜெபத்தில் ஒரு பெயரும் இருக்கலாம். ஊரில் அவள் காலனிப் பெண். சட்டத்தின் முன் சாதியே இல்லாத கிறித்தவள். இரண்டு பக்கமும் இழப்பவள் அவள்தான்.

அமெரிக்காவில் ஹோவர்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவியர் 1913 ஜனவரியில் 'டெல்டா சிக்மா தீட்டா' என்ற சகோதரிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். கிறித்தவ நெறிகளின் மேல் கட்டப்பட்ட சங்கம் அது. இரண்டே மாதத்தில், பெண்களின் வாக்குரிமைக்காக வாஷிங்டன் தெருவில் நடந்த பேரணியில் போய் நின்றார்கள். அவர்களுக்கு ஜெபமும் தெருவும் வேறுவேறாக இருக்கவில்லை.

ஜெபக்குழுவை விட்டு வெளியே வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே கிடைக்கும் கஞ்சியும் கைப்பிடியும் உண்மையானவை. உள்ளே இருந்துகொண்டே கேளுங்கள். நம் ஊர்க் கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம்? தேர் எந்தத் தெரு வரைக்கும் வருகிறது? என் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுவேன், அவள் வீட்டில் நான் சாப்பிடுவேனா? கேட்டால் முதல் நாள் அறை அமைதியாகிவிடும். இரண்டாம் நாள் சிலர் வராமலும் போகலாம். ஆனால் பதில் சொல்ல ஒரு தங்கை வாய்திறப்பாள். அன்றைக்கு அவளை நீங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுங்கள்.