பிரான்சின் போர் நினைவுகளும் முஸ்லிம் வீரர்களும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஒரு நாடு தான் நடத்திய போர்களையும், தான் ஆண்ட அயல்நிலங்களையும் எவ்வாறு நினைவு வைத்துக்கொள்கிறது என்பது குறித்துச் சில செய்திகளைப் பகிர விழைகிறோம். நாம் எடுத்துக்கொண்ட நாடு பிரான்சு. எங்கோ இருக்கும் நாட்டின் கதை நமக்கெதற்கு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1954 வரை காரைக்காலும் புதுச்சேரியும் அந்நாட்டின் ஆளுகையில் இருந்தவை. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிரிழந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவ்வாறு குடியேற்ற நாடுகளிலிருந்து போர்க்களம் சென்றவர்களில் பெரும்பகுதியினர் வட ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள். அவர்களுள் முஸ்லிம்கள் மிகுதி. அல்ஜீரியாவிலிருந்து மட்டும் சுமார் 1,70,000 முஸ்லிம்கள் அந்தப் படையில் இருந்தனர்.

அவர்கள் அனைவரும் விரும்பியே சென்றார்கள் என்று சொல்வதற்கில்லை. 1912 முதலே அல்ஜீரிய முஸ்லிம்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் முறை வந்துவிட்டது. 1916-இல் அதனை எதிர்த்து ஓரெஸ் மலைப்பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி படைவலிமையால் அடக்கப்பட்டது. அதே 1916-இல்தான் பிரான்சின் வெர்தன் நகரருகே ஜெர்மானியரோடு சுமார் பத்து மாதங்கள் நீடித்த பெரும்போர் நடந்தது. இரு தரப்பிலுமாகச் சுமார் மூன்று இலட்சம் பேர் மாண்டனர். அக்டோபர் 24 அன்று தூவோமோன் கோட்டையை மீட்ட படைப்பிரிவோடு செனகல் வீரர்களும் சோமாலிய வீரர்களும் நின்றனர். ஒரே ஆண்டில் ஒரு பக்கம் அடக்குமுறை, மறுபக்கம் உயிர்த்தியாகம். பிரான்சின் நினைவேந்தல்களில் இவ்விரண்டில் இரண்டாவதே முதலில் இடம்பெற்றது.

இன்று தூவோமோனில் உள்ள எலும்பகத்தில் பெயர் அறியப்படாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ளன. பிரெஞ்சுக்காரர் யார், ஜெர்மானியர் யார் என்று அங்கே பிரித்தறிய இயலாது. அதன் முன்னே பரந்து கிடக்கும் அடக்கத்தலத்தில் 16,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றுள் 592 முஸ்லிம்களின் கபர்கள் தனிப்பகுதியாக, கிப்லாவின் திசைக்கேற்பத் திருப்பி அமைக்கப்பட்டுள்ளன. அயலாரின் மண்ணில், அயலாரின் அரசு, மார்க்க முறையை மதித்துச் செய்த அந்த ஏற்பாட்டை நாம் பாராட்டவே வேண்டும்.

பாரிஸ் பெரிய பள்ளிவாசலும் இந்த நன்றியுணர்வில் எழுந்ததே. 1920-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு நிதி ஒதுக்கியது. 1926 ஜூலையில் அதிபர் கஸ்தோன் தூமெர்கும் மொராக்கோ மன்னர் மௌலாய் யூசுஃபும் அதனைத் திறந்துவைத்தனர். அரசு மதத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று 1905-இல் சட்டம் இயற்றிய நாடு அது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பள்ளிவாசலின் அருமை விளங்கும். அதே வேளையில், உள்ளே தொழ அழைக்கப்பட்டவருக்குத் தம் சொந்த ஊரில் வாக்குரிமை மிகக் குறுகலாகவே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கதையின் பிற்பகுதி 2005, 2006 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வந்து குவிகிறது. 2005 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கடல் கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரான்சு ஆற்றிய ‘நற்பங்கை’ப் பள்ளிப் பாடங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் ஒரு விதி. வரலாற்று ஆசிரியர்கள் கொதித்தெழுந்தனர். அல்ஜீரியாவும் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவ்விதி நீக்கப்பட்டது. பாராளுமன்றம் பாடநூல் எழுதப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல சான்று. இது பிரான்சுக்கு மட்டுமா பொருந்தும்?

நான்கு மாதம் கழித்து, 2006 ஜூன் 25 அன்று, அதிபர் ஜாக் ஷிராக் தூவோமோனில் முஸ்லிம் வீரர்களுக்கான நினைவகத்தைத் திறந்துவைத்தார். வெண்ணிறச் சுவர்களும் குவிமாடமும் கொண்ட அது, வட ஆப்பிரிக்கக் கட்டட முறையில் அமைந்தது. யூத வீரர்களுக்கு அங்கே 1938-இலேயே நினைவகம் எழுந்துவிட்டது. முஸ்லிம் வீரர்களுக்கு, போர் நடந்து 90 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

ஆயினும் உயிரோடிருந்த வீரர்களின் நிலை என்ன? 1959 இறுதியில் நிறைவேறிய ஒரு நிதிச்சட்டத்தின் வழியே, விடுதலை பெற்ற நாடுகளைச் சேர்ந்த முன்னாள் வீரர்களின் ஓய்வூதியம் அப்படியே உறைய வைக்கப்பட்டது. ஒரே பதுங்குகுழியில் தோளோடு தோள் நின்ற இருவரில், பிரெஞ்சுக் குடிமகனுக்கு விலைவாசிக்கேற்பத் தொகை உயர்ந்தது. செனகல்காரருக்கும் மொராக்கோகாரருக்கும் பழைய தொகையே. 2001-இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தும் முழு நிவாரணம் கிட்டவில்லை. 2006-இல் ரஷீத் புஷாரெப் இயக்கிய ‘அந்திஜேன்’ என்னும் திரைப்படம், இரண்டாம் உலகப் போரில் போரிட்ட வட ஆப்பிரிக்க வீரர்களின் கதையை எடுத்துரைத்தது. கான் திரைப்பட விழாவில் அதன் நடிகர்களுக்குக் கூட்டாகப் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் படம் வெளியானபோதே, போர்வீரர் உதவித்தொகையையும் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தையும் சமப்படுத்துவதாக அரசு அறிவித்தது. பிற ஓய்வூதியங்களில் எஞ்சிய வேறுபாடு, அரசியலமைப்பு மன்றம் 2010-இல் அதனைச் செல்லாது என்று அறிவித்த பின்னரே, 2011 முதல் நீங்கியது. இதற்குள் மௌத்தாகிப் போனோர் எத்தனை பேர்! அவர்களுடைய விதவைகள் பெற்றது பழைய தொகையே.

நன்றி சொல்வது எளிது, கணக்குத் தீர்ப்பது கடினம் என்றால், இழைத்த தீங்கை ஒப்புக்கொள்வது இன்னும் கடினமாயிற்று. 1945 மே 8 பிரான்சுக்கு வெற்றித் திருநாள். அதே நாளில் அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் விடுதலைக் கொடியேந்தியோர் சுடப்பட்டனர். தொடர்ந்த வன்முறையில் ஐரோப்பியர் சுமார் நூறு பேரும், அதன் பின் நடந்த அடக்குமுறையில் பல்லாயிரம் முஸ்லிம்களும் மாண்டனர். அல்ஜீரிய அரசு 45,000 என்கிறது. பிரெஞ்சு அலுவல் கணக்கு அதில் மிகச் சிறு பகுதியே. 1954 முதல் 1962 வரை நடந்த விடுதலைப் போரைப் ‘போர்’ என்று சட்டப்படி அழைக்கவே பிரான்சுக்கு 1999 வரை ஆயிற்று.

1961 அக்டோபர் 17 அன்று, அல்ஜீரியருக்கு மட்டும் விதிக்கப்பட்ட இரவு ஊரடங்கை எதிர்த்துப் பாரிசில் ஊர்வலம் சென்றோரைக் காவல்துறை தாக்கியது. பலர் சேன் ஆற்றில் வீசப்பட்டனர். அன்று காவல்துறைத் தலைவராயிருந்த மோரிஸ் பாப்போன், பின்னர் 1998-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களை நாடுகடத்த உடந்தையாயிருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிஸ் நிகழ்வுக்காக அல்ல. 2001-இல் பாரிஸ் மாநகராட்சி ஆற்றுப்பாலமருகே ஒரு பலகை பதித்தது. 2021-இல் அதிபர் மக்ரோன் அவற்றை மன்னிக்க முடியாத குற்றங்கள் என்றார். 2024 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கீழவை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது.

செனகலின் தியாரோய் முகாம் பற்றியும் ஒன்று கூறி அமைகிறோம். 1940-இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டனர். 1944 டிசம்பர் 1 விடியலில் பிரெஞ்சுப் படை அவர்கள் மீதே துப்பாக்கிச் சூடு நடத்தியது. 35 பேர் இறந்ததாக அன்றைய அறிக்கை சொன்னது. அதைவிடப் பன்மடங்கு என்கின்றனர் ஆய்வாளர் பலர். உயிர் தப்பியோரில் 34 பேருக்குக் கலகக் குற்றம் சாட்டித் தண்டனையும் விதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் இறந்தோருள் 6 பேரைப் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தவர்’ என்று அந்நாடு அறிவித்தது. நவம்பரில், எண்பதாம் ஆண்டு நெருங்கிய வேளையில், அது படுகொலை என்று மக்ரோன் எழுத்தில் ஒப்புக்கொண்டார். தூவோமோனின் கபர்களைக் கிப்லாவுக்கேற்ப அமைத்த அதே அரசின் வீரர்கள்தாம் இவர்களும். தியாரோய் அடக்கத்தலத்தில் வெள்ளை பூசிய கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பெயர் இல்லை.