உருகினால் போதுமா?

(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால மறையுரையின் எழுத்து வடிவம்)



தவக்காலம் வந்துவிட்டால் ஒரு சொல் நம் நாவில் அடிக்கடி வருகிறது. சிலுவைப் பாதையில் உள்ளம் உருகி மன்றாடுகிறோம். அன்னை மரியாவின் வியாகுலத்தைப் பாடும் பாடல்களை உருக்கமான பாடல்கள் என்கிறோம். நோயாளி ஒருவருக்காக உதவி கேட்டு யாரேனும் எழுதினால், அதை உருக்கமான வேண்டுகோள் என்கிறோம். இவ்வளவு பழகிய இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று இன்று சற்றுப் பார்ப்போம். தமிழுக்குச் சதுரகராதியை 1732-இல் தொகுத்துத் தந்தவர் நம் வீரமாமுனிவர். ஆகவே ஒரு சொல்லின் பொருளைத் தேடுவதும் நம் திருச்சபையின் பழைய வழக்கந்தான்.

உருகுதல் என்றால் திடமாய் இருந்தது வெப்பத்தால் நீர்மமாவது. இதை நந்தனத்திலிருந்தே தொடங்கலாம். பாலுக்கும் நெய்க்கும் தமிழகமெங்கும் பெயர் பெற்ற ஆவினின் தலைமை அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் வெண்ணெயை அடுப்பில் ஏற்றி, கொஞ்சம் முருங்கைக் கீரை போட்டுக் காய்ச்சுகிறோம். வெண்ணெய் உருகி நெய்யாகிறது. அடுத்துள்ள தியாகராய நகரில், பழைய நகையை மூசையில் இட்டு வெங்காரம் சேர்த்து உருக்குகிறார் பொற்கொல்லர். கத்திரி வெயிலில் சாலையின் தார் உருகுகிறது. அப்பாவின் நோயை எண்ணி மகள் உருகிப் போய்விட்டாள் என்கிறோம். அங்கே உருகுதல் என்பது உடல் மெலிதல். ஏழையின் கதையைக் கேட்டு மனம் உருகியது என்கிறோம். அங்கே அது இரக்கம்.

உப்பு நீரில் கரைகிறது; உப்பு நீரில் உருகுகிறது என்று யாரும் சொல்வதில்லை. கரைவதற்கு நீர் வேண்டும். உருகுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும். வெண்ணெய் தானாக உருகாது. பொன்னும் தானாக உருகாது. நம் இதயமும் அப்படித்தான். இறைவனின் அன்பு என்னும் நெருப்பு அருகே வராமல் எந்த இதயமும் உருகுவதில்லை.

திருவிவிலியத்தில் பலவகை உருகுதலைக் காண்கிறோம். முதலாவது, அச்சத்தால் உருகுவது. எரிகோவில் இராகாபு, இஸ்ரயேலர் அனுப்பிய ஒற்றரிடம் தம் மக்களின் நிலையைச் சொல்கிறார். அவர்கள் நெஞ்சம் அச்சத்தால் உருகிப்போயிற்று என்பதே மூல எபிரேயச் சொல்லின் பொருள். இரண்டாவது, துன்பத்தால் உருகுவது. திருப்பாடல் 22-இல் துன்புறும் நீதிமான் தம் இதயம் மெழுகுபோல் உள்ளுக்குள்ளே உருகிவிட்டதாக ஆண்டவரிடம் முறையிடுகிறார். எபிரேயத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே வினைச்சொல்தான். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர் தம் நாவில் எடுத்தது அந்தத் திருப்பாடலின் தொடக்கத்தையே. உருகிப்போன மனிதருடைய குரலை அவர் தம் குரலாக்கிக்கொண்டார்.

மூன்றாவது, அன்பினால் உருகுவது. இனிமைமிகு பாடலின் ஐந்தாம் அதிகாரத்தில், அன்பர் பேசியபோது தலைவியின் உயிர் என்ன ஆயிற்று என்று வரும் இடத்தைப் புனித எரோணிமுஸ் இலத்தீனில், உயிர் உருகிற்று என்றே மொழிபெயர்த்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அந்த வரியை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: அன்பு அன்பு செய்பவருக்குத் தீங்கு செய்யுமா? உருகுவது என்றால் அழிவதுதானே?

அவர் தரும் விளக்கத்தின் சாரம் இது: உறைந்துபோன பொருள் தன்னைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனுள் வேறெதுவும் நுழைய முடியாது. அன்பு வரும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. இதயம் மற்றவருக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே உருகுதல் அன்பின் விளைவுகளில் ஒன்று. கடின இதயமோ அன்புக்கு நேர் எதிரானது. இதோடு அவர் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். தக்க நன்மையின் மேல் வைக்கும் அன்பு மனிதரை நிறைவாக்கும். தகாததன் மேல் வைக்கும் அன்பு மனிதரைக் கெடுக்கும்.

உருகுவது மட்டும் போதாது என்பதற்கு விடுதலைப் பயண நூலின் 32-ஆம் அதிகாரமே சான்று. சீனாய் மலையடியில் மக்கள் தங்கள் காதணிகளைக் கழற்றித் தந்தார்கள். பொன் உருகியது. அது கன்றுக்குட்டியாக வார்க்கப்பட்டது. உருகிய பொன்னில் குறை இல்லை. அது போய்ச் சேர்ந்த உருவத்தில்தான் குறை. உருகிய பொருள் ஏதேனும் ஓர் உருவத்தை அடைந்தே தீரும். ஆகவே, மனம் உருகியதா என்று கேட்பதோடு, உருகிய மனம் எங்கே போயிற்று என்றும் கேட்க வேண்டும்.

இதை மெழுகுதிரியிடம் கற்றுக்கொள்ளலாம். பாஸ்கா திருவிழிப்பின் புகழுரையில், உருகும் மெழுகையும் அதை உண்டாக்கிய தேனீக்களையும் திருச்சபை நினைவுகூருகிறது. பீடத்தில் எரியும் திரியை உற்றுப் பாருங்கள். சுடரின் சூட்டில் மெழுகு உருகிச் சிறு குளமாகிறது. அந்த நீர்மம் திரிநூல் வழியாக மேலே ஏறி, ஆவியாகி எரிகிறது. அப்போதுதான் ஒளி. ஆனால் உருகிய மெழுகு எல்லாம் ஒளி ஆவதில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் வழிந்து, தண்டின் அடியில் மறுபடி இறுகிவிடுகிறது. திரிநூலை அடைந்த மெழுகும், கீழே வழிந்த மெழுகும் ஒரே சூட்டில் உருகியவைதாம். ஒன்று வெளிச்சமாயிற்று, மற்றொன்று பழையபடி கட்டியாயிற்று.

நம் மாநகரம் ஒருமுறை முழுவதுமாக உருகியது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து அடையாற்றைக் கரைமீறச் செய்தன. சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகள் நீரில் மூழ்கின. அன்று ஆலயம், பள்ளிவாசல், கோவில் என்ற வேறுபாடு இல்லாமல் கதவுகள் திறந்தன. முன்பின் அறியாதவருக்கு உணவுப் பொட்டலமும் போர்வையும் கொடுத்தோம். அந்த உருக்கம் உண்மையானது. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம்.

வெள்ளம் வடிந்தபின் அடையாற்றங்கரையில் குடியிருந்த குடும்பங்கள் பல, நகரின் தெற்கே பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வீடு அங்கே, பிழைப்போ இங்கே. வீட்டு வேலை செய்யும் பெண்கள் விடியுமுன் எழுந்து, பேருந்து ஏறி இந்தப் பக்கம் வருகிறார்கள். 2015-இல் அவர்களுக்காக உருகிய நகரம் இன்று அவர்களை எப்படிப் பார்க்கிறது? பேருந்து தாமதமானதால் அரைமணி பிந்தி வருகிறவரிடம் நம் வீட்டு வாசலில் என்ன பேச்சு நடக்கிறது? கனமழை நாளில் அவர் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் என்ன ஆகிறது? உருக்கம் ஒளியாயிற்றா, கட்டியாயிற்றா என்பதற்கு விடை இந்தச் சிறு கேள்விகளில்தான் இருக்கிறது.

நம் ஆண்டவர் இயேசு உருகியதைப் பாருங்கள். இலாசரின் கல்லறைக்குப் போகும்போது, மரியாவும் உடன் வந்தவர்களும் அழுவதைக் கண்டு அவர் உள்ளம் குமுறுகிறார். அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார். அழுகிறார். அவர் இலாசர்மேல் எவ்வளவு அன்பு வைத்திருந்தார் என்று கூட்டம் வியக்கிறது. ஆண்டவர் அந்த வியப்போடு நின்றுவிடவில்லை. கல்லறைக்கு அருகே போய், வாயிலில் இருக்கும் கல்லை அகற்றச் சொல்கிறார். இலாசர் வெளியே வந்தபின், அவருடைய கட்டுகளை அவிழ்க்கச் சொல்கிறார். அவருடைய கண்ணீர் கல்லை நகர்த்தியது, கட்டை அவிழ்த்தது.

உருகுகிறவர் பலவீனர் என்று சிலர் எண்ணுவதுண்டு. தமிழ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இரும்பைவிட வலிய எஃகுக்குத் தமிழில் இன்னொரு பெயர் உருக்கு. சேலம் உருக்காலை என்று நாம் சொல்லும் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில், பழங்காலத்திலேயே இங்கு இரும்பும் உருக்கும் ஆக்கியதற்குத் தடயங்கள் கிடைத்தன. நெருப்பைக் கடந்து வந்த பின்புதான் அந்த இரும்புக்கு உறுதி. தாயின் அன்பும் அப்படித்தான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அம்மா மெழுகுதிரியாய் உருகுகிறாள் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, அவள் முழுவதும் கரைந்து தீரும்வரை வீட்டிலுள்ள மற்றவர்கள் வெளிச்சத்தில் அமர்ந்திருப்பது அன்பு ஆகாது. ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் உருக வேண்டும் என்பது ஆண்டவருடைய சட்டமல்ல.

சிலர் மனதில் வேறொரு கவலை இருக்கலாம். பல ஆண்டுகளாகப் பேசாத மகன், மன்னிக்க மறுக்கும் தம்பி, கல்லாகிவிட்ட கணவர். எவ்வளவு அன்பு காட்டியும் மாற்றம் இல்லையே என்ற கவலை. நம் பிள்ளைகள் பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறார்கள். பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், அது முழுவதும் நீராகும்வரை வெப்பமானி 0 டிகிரியிலேயே நிற்கும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறக்குறைய 80 கலோரி வேண்டும். அந்த வெப்பம் வீணாவதில்லை. அது உள்ளே பனியின் இறுக்கத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் அன்பும் அப்படி வேலை செய்துகொண்டிருக்கலாம். அடுப்பை அணைத்துவிடாதீர்கள்.

நம் சைவச் சகோதரர்கள் திருவாசகத்துக்கு உருகாத நெஞ்சு வேறெதற்கும் உருகாது என்பார்கள். நமக்குக் கல்வாரியே அந்த இடம். எசேக்கியேல் இறைவாக்கினர் வழியாக, கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவதாக ஆண்டவர் வாக்களித்தார். அந்த இதயத்தைக் கேட்போம். இந்த வாரம் நம் வீட்டில் வேலை செய்பவரிடம் ஒரு கேள்வி கேட்போம்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? அவர் சொல்லும் பதிலுக்கு ஏற்ப நம் நேரத்தில், நம் ஊதியத்தில், நம் பேச்சில் எதை மாற்ற முடியும் என்று குடும்பமாய் அமர்ந்து முடிவு செய்வோம். உருகிய மெழுகு திரிநூலை அடைவது அப்படித்தான்.

மன்றாடுவோம்: இலாசருக்காகக் கண்ணீர் சிந்திய ஆண்டவரே, எங்கள் இதயத்தின் இறுக்கத்தை உமது அன்பின் நெருப்பால் உருக்கியருளும். உருகிய இதயம் மறுபடி உறைந்துவிடாமல், அடுத்தவரின் கல்லை நகர்த்தும் கைகளாக எங்களை மாற்றும். கஷ்டத்தால் உருகிப்போயிருக்கும் ஒவ்வொருவருக்கும் நீரே துணையாயிரும். ஆமென்.