அடுத்த வாட்ச் எப்படி இருக்க வேண்டும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீ வாட்ச் கம்பெனியிலதானே இருக்கே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசிடு" என்றார். நான் வாட்ச் செய்கிறவன் இல்லை. அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவன். 2009-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனேன். பெங்களூரில் பத்து வருடத்துக்கு மேலாக இதே பிழைப்பு. அடுத்த ஸ்மார்ட் வாட்சில் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசிப் பேசி அலுத்தவன் என்ற ஒரு தகுதி எனக்கு உண்டு. அதனால் இங்கே வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். கீழ ராஜ வீதியில் நம் செட் நண்பர் ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். முந்தாநாளும் நேற்றும் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, வந்து போனவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன்.

முதலில் வந்தது ஒரு பாலிடெக்னிக் பையன். ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் பேசுகிற வாட்ச் வேண்டும் என்றான். "இதுல நூறு விளையாட்டுக்கு மேல கணக்கு வச்சுக்கும் தம்பி" என்று நண்பர் அட்டையைக் காட்டினார். பையன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பனிச்சறுக்குக்கு புதுக்கோட்டையில எங்கண்ணே போறது?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்த மாதிரிப் பட்டியலை நீட்டிக் கொடுக்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு கொத்தனார் வந்தார். ஏற்கெனவே ஒன்று வாங்கி, தூக்கிப் போட்டுவிட்டாராம். "மணி பாக்கணும்னா கையை ஒரு உதறு உதறணும். சாந்துக் கையோட உதறினா பக்கத்து ஆளு மேல தெறிக்குது. வெயில்ல ஒண்ணும் தெரியவும் இல்லை" என்றார். இதைவிடச் சுருக்கமாக எங்கள் துறையின் குறையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பளபளக்கும் திரை கடைக்குள் கண்ணைப் பறிக்கும், சித்திரை வெயிலில் கறுத்துப் போகும். பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை அணைத்தும் வைக்கிறோம். வெயில் பட்டால் இன்னும் தெளிவாகிற திரையும் உலகத்தில் இருக்கிறது. 2012-ல் பெபிள் என்ற வாட்சுக்காக, அது தயாராகும் முன்பே ஜனங்கள் ஒரு கோடி டாலருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். திரை எப்போதும் எரியும், ஒரு வாரம் சார்ஜ் நிற்கும், அவ்வளவுதான் அதன் பெருமை. 2016-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனால் 2025-ல் அதன் நிறுவனரே மறுபடி அதே மாதிரி வாட்சை விற்க ஆரம்பித்திருக்கிறார் என்றால், கேட்கிற ஆள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஓர் அம்மா, மகள் அனுப்பும் தமிழ் மெசேஜெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது என்று கொண்டு வந்து காட்டினார். இது என் சொந்தத் துறை, கொஞ்சம் சொல்கிறேன். 'கொ' என்று எழுதுகிறோம். கம்ப்யூட்டருக்குள் அது 'க', அதன் பின்னால் ஓர் ஒகரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். அதற்கு எழுத்துருவும் வேண்டும், பிளந்து போடத் தெரிந்த புரோகிராமும் வேண்டும். விலை குறைந்த வாட்சின் நினைவகத்தில் முதலில் வெட்டு விழுவது இந்த இடத்தில்தான். வாட்ச் முகப்புக்கு இருநூறு படம் வைக்க இடம் இருக்கும், தமிழுக்கு இருக்காது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சார்ஜர் தொலைந்துபோய் வந்தார். கடையில் இருந்த ஏழு சார்ஜரில் ஒன்றும் பொருந்தவில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு காந்தம், ஒரு முள். ஐரோப்பாவில் செல்போன்களுக்கெல்லாம் ஒரே சார்ஜர் பொருத்து என்று 2024 டிசம்பரில் சட்டமே அமலுக்கு வந்தது. வாட்ச் அந்தப் பட்டியலில் இல்லை. நூற்றைம்பது ரூபாய் சார்ஜர் கிடைக்காமல் நல்ல வாட்ச் ஒன்று மேஜை டிராயருக்குப் போயிற்று.

டிராயர் என்றதும் ஒரு கணக்கு. ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-ல் இந்தியாவில் கடைகளுக்குப் போன ஸ்மார்ட் வாட்ச் 5 கோடியே 34 லட்சம். 2024-ல் அது 3 கோடியே 50 லட்சம். ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. முதல் வாட்ச் வாங்கியவர் இரண்டாவது வாங்க வரவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் காரணம். ஏன் வரவில்லை என்பதற்குத்தான் மேலே சொன்ன நாலு பேரும்.

ஆனால் கடையில் அதிகம் பேர் கேட்டது இவற்றில் எதுவும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி: "சுகர் பாக்குற வாட்ச் இருக்கா?" பிரஷர், சுகர், இருதயம். ஜனங்கள் கையில் கட்ட நினைப்பது ஒரு சின்ன டாக்டரை. இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி.யின் வாட்ச் தொழில். அப்பா 1985-ல் கல்யாணத்துக்கு வாங்கியது, சாவி கொடுக்கிற வாட்ச். அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் டாடாவும் நம் தமிழ்நாட்டு டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கியிருந்தார்கள். பிறகு ஓசூரிலிருந்து வந்த குவார்ட்ஸ் வாட்சுகள் சாவி வாட்சை ஓரங்கட்டின. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவு செய்தது. அப்பா கையை விட்டு மட்டும் அது இறங்கவில்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல். நம்மில் யார் மறக்க முடியும்? கீரமங்கலம் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற தென்னையை எண்ணுவது சுலபமாகிவிட்டது. மூன்று வாரம் கரண்ட் இல்லை. நான் பெங்களூரிலிருந்து விலை உயர்ந்த வாட்சோடு வந்து இறங்கினேன். இரண்டாம் நாள் அது கறுப்புக் கல்லாகிவிட்டது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் போனுக்குச் சார்ஜ் போடவே வரிசை. அப்பா காலையில் சாவி கொடுத்துவிட்டு எனக்கும் மணி சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு 2023 தீபாவளிக்கு நான் ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டேன். நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி செய்தது, நான் எழுதிய புரோகிராம் ஓடுவது. எச்.எம்.டி.யைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். நாடி, ஆக்சிஜன் எல்லாம் ஊரில் நாலு பேருக்குக் காட்டுவார். "எம்மவன் செஞ்சது."

அடுத்த பங்குனியில் ஒரு நாள், தோப்பில் மட்டை இழுத்துப் போட்டுக் கொண்டிருந்தவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது, இடது கையில் வலி. வாட்சைப் பார்த்திருக்கிறார். நாடி 76, ஆக்சிஜன் 98. சரியாகத்தானே இருக்கு என்று வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரம். அம்மா கத்திக் கூப்பாடு போட்டு, பக்கத்து வீட்டுக் காரில் தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். மாரடைப்பு. அடைப்பை எடுத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். "வலி வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். நேரம் போகப் போக இருதயத் தசை செத்துக்கொண்டே போகுமாம். போனது போனதுதான். இப்போது அப்பா தோப்பைச் சுற்றி நடப்பார், மட்டை இழுக்க முடியாது.

வாட்ச் எப்படி நாடி பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கம் மிக மிகச் சின்னது. கை ஆடினால், பட்டை தளர்ந்தால், வேர்த்தால் வருகிற குழப்பம் அதைவிடப் பெரியது. குழப்பத்தில் துடிப்பு அகப்படவில்லை என்றால், வாட்ச் எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு காட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

கோடு காட்டினால் என்ன ஆகும்? வாங்கியவர் "ஓடலை" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு வருவார். ஒரு மீட்டிங்கில் இதைப் பேசினோம். திரையில் எப்போதும் ஓர் எண் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. துடிப்பு கிடைக்காவிட்டால் கடைசியாகக் கிடைத்த எண்ணையே, நம்புகிற மாதிரி ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துக் காட்டுவது. அந்த வரிகளை எழுதியவன் நான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மதியம் எழுதி, சாயங்காலம் டீ குடிக்கப் போனேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா மகள், எட்டு வயசு, அந்த வாட்சை எடுத்து, சமையலுக்கு வைத்திருந்த வாழைத்தண்டில் கட்டிவிட்டாள். "மாமா, வாழைத்தண்டுக்கு 74!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த 76 நிஜமாகவே இருந்திருக்கலாம். மாரடைப்பு வந்தவருக்கு நாடி சாதாரணமாக இருப்பது உண்டு என்று டாக்டர் சொன்னார். ஈ.சி.ஜி. எடுக்கும் ஆப்பிள் வாட்சே, மாரடைப்பைக் கண்டுபிடிக்க என்னால் முடியாது என்று எழுதித்தான் தருகிறது. சுகர் விஷயமும் அப்படித்தான். தோலைக் குத்தாமல் சர்க்கரை பார்க்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை மானி இருக்கிறதே என்பீர்கள். அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது, அது வேறு. வெறும் வெளிச்சத்தை வைத்துச் சுகர் சொல்லும் வாட்சை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நேற்று கடையில் கேட்டவர்களிடம் இதைச் சொன்னேன். நண்பர், "வந்த வியாபாரத்தைக் கெடுக்காதடா" என்றார்.

நான் கம்பெனி மாறிவிட்டேன். இது சின்னக் கம்பெனி. நாங்கள் செய்துகொண்டிருக்கும் அடுத்த மாடலில், துடிப்பு அகப்படாவிட்டால் கோடுதான் வரும். கீழே தமிழில் ஒரு வரி: 'அளக்க முடியவில்லை. பட்டையை இறுக்கவும்.' கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும், நானே பார்த்தேன். இதயப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது, 'நெஞ்சு வலித்தால் இதைப் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடவும்' என்பது. இதற்கு விற்பனைப் பிரிவில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. வாங்கும் முன்பே பயமுறுத்துகிறது என்கிறார்கள்.

மாதிரி வாட்சை நேற்று கடையில் ஒன்பது பேரிடம் காட்டினேன். நாலு பேர், "இது ரிப்பேரா?" என்றார்கள். இரண்டு பேருக்குத் தமிழ் வரி பிடித்திருந்தது. பாலிடெக்னிக் பையன் கேம் இருக்கா என்று கேட்டான். கொத்தனார் அதை வாங்கிக்கொண்டு நேரே வீதிக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, "மணி தெரியுது. என்ன விலை?" என்றார். விலை இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

அப்பா மறுபடி எச்.எம்.டி.தான் கட்டியிருக்கிறார். இன்று காலை கிளம்பும்போது மாதிரி வாட்சை நீட்டினேன். "மொதல்ல நீ கட்டிப் பாருப்பா" என்றார்.

அதைத்தான் இப்போது கட்டியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். பந்தியில் வாழைத்தண்டுப் பொரியல் உண்டு என்று செயலாளர் சொன்னார். சமையற்கட்டில் வெட்டாத தண்டு ஒன்று மிச்சமிருந்தால் எடுத்து வையுங்கள்.